அக்கா தொலைக்காத காகிதங்கள்

எங்கள் அக்கா இந்த உலகத்தை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறிய நினைவு மலர் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று சித்தப்பா பிள்ளைகள் முடிவு செய்தார்கள். அக்காவோடு கடைசிவரை ஒரே வீட்டில் இருந்தவன் என்பதால் கட்டுரையை என் தலையில் கட்டினார்கள். "கர்த்தருக்குள் இளைப்பாறினார் என்று ஆரம்பித்துவிடு, மற்றது தானாக வரும்" என்றார்கள். அக்கா இதைக் கேட்டிருந்தால், "ஏல, நான் எங்கல இளைப்பாறுனேன்?" என்று சிரித்திருப்பார்.

மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். அக்கா நல்லவர், உழைப்பாளி, கோபக்காரர் என்று மூன்றிலும் எழுதியிருந்தேன். அத்தனையும் உண்மைதான். ஆனால் நான் செய்த ஒரு காரியம் மூன்றிலும் இல்லை. அது இல்லாமல் இந்த மலர் அச்சாகிவிட்டால், அக்காவை இரண்டாவது முறையாகக் குழியில் வைத்து மூடியவன் ஆவேன். பெரியவர்கள் பொறுமையாகக் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா பிறந்தது தூத்துக்குடி மாவட்டத்தில், தேரிக்காட்டை ஒட்டிய எங்கள் ஊரில். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நாங்கள் நாலு பேர். அக்கா மூத்தவர், நான் கடைக்குட்டி. எங்கள் இருவருக்கும் எட்டு வயது வித்தியாசம். நாகர்கோவிலில் நர்சிங் முடித்த கையோடு, கூடப் படித்த இரண்டு பெண்களுடன் அக்கா டெல்லிக்கு ரயில் ஏறினார். தெற்கு டெல்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. சேர்ந்த அன்றே, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து நர்சிங் சர்ட்டிபிகேட் வரைக்கும் எல்லா அசலையும் வாங்கி ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் பல இடங்களில் அதுதான் வழக்கம். அசல் கையில் இல்லாத நர்ஸ் எங்கே ஓடிவிட முடியும்?

இரண்டாம் வருடம் அப்பா படுத்த படுக்கையானார். ஊர்ப்பக்கமாக வேலை தேடிக்கொள்கிறேன், சர்ட்டிபிகேட்டைக் கொடுங்கள் என்று அக்கா கேட்டார். கொடுக்கவில்லை. அழுதும் பார்த்தார். அப்பா இறந்தபோது ஒரு வாரம் லீவில், அடக்கம் முடிந்த பிறகு வந்து சேர்ந்து, மறுநாளே திரும்பி ஓடினார். எனக்கு அப்போது பதினாலு வயது. ஸ்டேஷனில் அக்கா என்னிடம், "அப்பா மூஞ்சியப் பாக்க எனக்கு ஒரு காயிதம் வேண்டியிருந்துச்சுல" என்று சொன்னார். எனக்கு அது அன்று விளங்கவில்லை.

அந்தக் காகிதத்தை அக்காவுக்கு மீட்டுக் கொடுத்தவர்கள் செங்கொடிச் சங்கத்துக்காரர்கள். ஆஸ்பத்திரி வாசலில் கொடியை நட்டு மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நாலாம் நாள் காலையில் பழுப்பு உறைகளில் எல்லா நர்ஸ்களின் அசலும் வந்து சேர்ந்தன. அக்கா கட்சியில் சேர்ந்த கதை இவ்வளவுதான். பின்னாளில் சர்ச்சில் யாராவது, படித்த பெண் இப்படிப் போய்ச் சேரலாமா என்று கேட்டால், "நான் புஸ்தகம் படிச்சு வரலய்யா. என் சர்ட்டிபிகேட்ட வாங்கிக் குடுத்தாவ, அதான் வந்தேன்" என்பார்.

அம்மாவுக்கோ கம்யூனிஸ்ட் என்ற பெயரைக் கேட்டாலே நடுக்கம். சாமி இல்லை என்பார்களாமே, கோயிலை இடிப்பார்களாமே, குடும்பத்தைப் பிரிப்பார்களாமே என்று மாதம் ஒரு கடிதம் எழுதுவார். முதல் விசுவாசிகள் தங்களுக்குள்ளதையெல்லாம் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள் என்று, அக்கா லீவில் ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிறு போதகர் ஐயா பிரசங்கம் செய்தபோது, அக்கா என் விலாவில் இடித்தார். ஆராதனை முடிந்ததும் அதே ஐயா அக்காவைத் தனியே கூப்பிட்டு, கொடி பிடிப்பதை விட்டுவிடும்படி புத்தி சொன்னார். இரண்டு வரன்கள் பேசி முடிக்கும் நேரத்தில் நின்று போயின. ஒரு மாப்பிள்ளை வீட்டார் காரணத்தை மறைக்கவே இல்லை. "பொண்ணு கம்யூனிஸ்டாமே, நாளைக்கு எங்க பையன் வேலைக்கு ஆபத்து வரும்" என்றார்கள். அதற்குப் பிறகு அக்கா கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. யார் கூப்பிட்டது, பெயர்களைச் சொல் என்று விசாரணையில் கேட்டார்கள். அக்கா தன் பெயரை மட்டும் சொன்னார். வேலை போயிற்று. அதன் பிறகு ஒரு தர்ம டிஸ்பென்சரியில் ஓய்வு பெறும்வரை ஊசி போட்டார், புண் கட்டினார். கூட இருப்பவரின் பெயரை எவர் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பது சங்கத்துக்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. அது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என்னை டெல்லிக்கு அழைத்து வந்து, பரீட்சைக்குப் படிக்க வைத்து, மத்திய அரசு உத்தியோகத்தில் உட்கார வைத்தவர் அக்காதான். வேலை உத்தரவுக்கு முன் போலீஸ் வெரிபிகேஷன் உண்டு. செங்கொடிச் சம்பந்தம் இருக்கிறது என்று ரிப்போர்ட் போனால் வேலை கிடைக்காது என்று, கூடப் பரீட்சை எழுதிய நண்பர்கள் என்னைக் கலக்கிவிட்டார்கள். நான் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அக்காவே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, துணிமணிகளையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் தோழி ஒருவர் வீட்டில் போய் இருந்தார். நான் தடுக்கவில்லை. நன்றி சொன்னதாகவும் ஞாபகம் இல்லை.

எனக்குக் கல்யாணமாகி, ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது அக்கா எங்களோடு வந்தார். அவருக்கென்று அறையும் கட்டிலும் இருந்ததே தவிர, அவர் பகல் பொழுதெல்லாம் ஜங்புரா பக்கம் வாய்க்கால் ஓரத்தில், கேம்ப் என்று சொல்லும் குடிசைப் பகுதியில்தான் கழிந்தது. அங்கே இருந்தவர்கள் நம் தமிழ் மக்கள். வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறவர்கள். அக்கா அவர்களுக்கு மருந்து கொடுப்பார், விண்ணப்பப் பாரம் நிரப்புவார், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் கூடப் போவார். மழைக்காலத்தில் வாய்க்கால் தண்ணீர் குடிசைக்குள் வரும், எலியும் உண்டு. அதனால் ரேஷன் கார்டு, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை என்று அசலையெல்லாம் சிலர் அக்காவிடம் கொடுத்து வைப்பார்கள். சர்ட்டிபிகேட்டைப் பறிகொடுத்திருந்த அக்கா அவற்றை பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, ஒரு பச்சைத் துணிப்பையில் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்.

நானும் அக்காவும் சாப்பாட்டு மேஜையில் வாக்குவாதம் செய்யாத ஞாயிறு குறைவு. ஒருநாள் நான் கேட்டேன்: "உங்க ஆளுங்க ஆட்சி பண்ணின தேசங்கள்ல என்ன நடந்துது? கதவு தட்டுற சத்தம் கேட்டா, சனங்க வீட்டுல இருக்கிற கடுதாசியெல்லாம் அடுப்புல போட்டாங்களாமே. அண்ணன் தம்பியே ஒருத்தரை ஒருத்தர் பயந்தாங்களாமே."

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நடந்துச்சுதான். அதத் தப்பில்லன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா கேம்ப்புல இருக்கவளுக்கு இங்கயே கதவு தட்டுத சத்தம் கேக்குதுல. உனக்குத்தான் கேக்கல."

"எனக்கு எதுக்கு அக்கா கேக்கணும்? இது ஓட்டுப் போடுற நாடு."

"அப்ப எதுக்குல என் பேரச் சொன்னா உன் ஆபீஸ்காரங்க முன்னாடி முழிக்குத?" என்றார் அக்கா. என் மனைவி சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

அக்கா சொன்னது சரிதான். கட்சி சட்டப்படி நடக்கிறது, தேர்தலில் நிற்கிறது, தோற்கிறது, சில இடங்களில் ஜெயித்தும் இருக்கிறது. அதில் ஒளிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அக்காவுக்கு அந்தப் பெயர் திரும்பி வந்த சர்ட்டிபிகேட், எனக்கு அது போலீஸ் வெரிபிகேஷன். இரண்டு பேரும் ஒரே சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு இப்படி முப்பது வருடம் இருந்தோம்.

பிறகு சர்க்கார் ஆட்கள் கேம்ப்பை இடித்தார்கள். அக்கா புல்டோசருக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் ஒருவர். ஒரு ஹிந்திப் பத்திரிகையில் வந்த படத்தின் ஓரத்தில் அவர் முகம் தெரிந்தது. இடிபட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு ஊருக்கு வெளியே மாற்று வீடு கொடுத்தார்கள். மற்றவர்கள், எத்தனை வருடமாக அங்கே இருந்தோம் என்பதற்கு அத்தாட்சி காட்டி மேல்முறையீடு செய்ய வேண்டும். அப்படி ஏழு குடும்பங்களின் அசல் அந்தப் பச்சைப் பையில் இருந்தது. அவர்களில் செல்வி என்ற அம்மா ஒருவர். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். வக்கீல் கேட்டதும் பையைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு.

அதே சமயத்தில் என் மகனுக்கு மத்திய அரசுப் பதவி ஒன்று கிடைத்து, போலீஸ் வெரிபிகேஷன் பாரம் போயிருந்தது.

அன்று எனக்குக் காய்ச்சல், லீவில் இருந்தேன். டீச்சரான என் மனைவி பள்ளிக்கூடத்துக்கும், அக்கா வக்கீலைப் பார்க்கவும் போயிருந்தார்கள். காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் கான்ஸ்டபிள். கையிலிருந்த தாளைப் பார்த்து அக்காவின் முழுப் பெயரைப் படித்தார். மாதாஜி இங்கேதான் இருக்கிறாரா, எத்தனை வருடமாக, எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார், பார்க்க யார் யார் வருகிறார்கள் என்று ஹிந்தியில் கேட்டார். நான் பதில் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். பிறகு வருகிறேன் என்று சொல்லிப் படியிறங்கினார். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்கலாம். முப்பது வருடம் சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவன், ஹிந்தியில் குறிப்பு எழுதுகிறவன், ஏன் என்று கேட்க ஒரு "கியோன்" எனக்கு வாயில் வரவில்லை.

கதவைச் சாத்தினேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தேன். எரிக்கலாம் என்றால் குளிர்காலம். டெல்லியில் அந்த மாதத்தில் புகை கிளம்பினால், காற்று மாசு என்று அபராதம் போடவே ஆள் வந்துவிடும். பழைய பேப்பர்காரனிடம் போட்டால் அவன் கடையில் யாராவது பார்ப்பார்கள். அதனால் குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து, சோப்புத் தூளைக் கொட்டி, எல்லாவற்றையும் முக்கினேன். மேலே இருந்த கட்சி மாநாட்டு நோட்டீஸ்கள், கூட்டக் குறிப்புகள், பத்திரிகைகள். அப்புறம் பிளாஸ்டிக் உறைகள்.

உறைக்குள் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை என இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். பார்த்தேன். ரேஷன் கார்டின் அட்டை தெரிந்தது. ஒரு குழந்தையின் தடுப்பூசி அட்டை தெரிந்தது. இந்த ஆட்களின் பெயர் என் வீட்டில் இருப்பதே ஆபத்து என்றுதான் அந்த நிமிடத்தில் எனக்குப் பட்டது. உறையைக் கிழித்து அவற்றையும் முக்கினேன். ஊறிய பிறகு பிசைந்து, பிழிந்து, இரண்டு பாலித்தீன் பைகளில் கட்டி, தெருவில் வந்த குப்பை வண்டியில் நானே போய்ப் போட்டேன். திரும்பி வந்து காய்ச்சல் மாத்திரை சாப்பிட்டுப் படுத்துக்கொண்டேன்.

சாயந்திரம் அக்கா வந்ததும் கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

"பை எங்கல?"

சொன்னேன்.

"எல்லாமா?"

"எல்லாம் அக்கா."

"செல்வி காயிதமுமா?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தார். கான்ஸ்டபிள் என்னென்ன கேட்டார் என்று ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டு வாங்கினார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு சொன்னார்: "அது நான் எழுதிக் குடுத்த பாரம்ல. ஸ்டேஷன்ல வயசானவங்க பேரப் பதிஞ்சு வச்சா ஏரியா பீட் கான்ஸ்டபிள் வந்து நல்லா இருக்காவளான்னு பாத்துட்டுப் போவாவ. கேம்ப்புக் கிழவிங்க போலீசுன்னா பயந்தாங்க. பயப்படாதீங்க, பாருங்க, என் பேர மொதல்ல எழுதுதேன்னு எழுதுனேன்."

ஒரு வாரம் கழித்து அதே கான்ஸ்டபிள் வந்து, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்கள் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டு, அக்கா போட்ட டீயைக் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். மகனின் வெரிபிகேஷனுக்கு வந்தவரும் பக்கத்து வீட்டில் இரண்டு கேள்வி கேட்டதோடு சரி. அத்தை என்ன கட்சி என்று எவரும் கேட்கவில்லை.

பிற தேசத்தில் நடந்ததாக அக்காவின் முகத்துக்கு நேரே நான் சொல்லிக் காட்டியதை, யாரும் மிரட்டாமல், யாரும் கேட்காமல், ஓட்டுரிமை உள்ள நாட்டில், பட்டப்பகலில் நானே செய்தேன். அக்கா அதை ஒருநாளும் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை.

அன்று நான் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். மகனின் வெரிபிகேஷன் முடியட்டும், முடிந்த மறுநாள் நானே அந்த ஏழு குடும்பத்துக்கும் சொல்கிறேன், அதுவரை என் பெயர் வெளியே வர வேண்டாம் என்றேன். அக்கா சுவரைப் பிடித்து எழுந்துகொண்டு, "சரி" என்றார். மறுநாள் அந்த மக்கள் முன்னால் போய் நின்று, பையை பஸ்ஸில் தொலைத்துவிட்டேன் என்று சொன்னார். அக்கா சொல்லி நான் அறிந்த பொய் அது ஒன்றுதான்.

ஏழு குடும்பத்தில் நாலு குடும்பம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து ஏதோ நகல் வாங்கிப் பிழைத்தது. மூன்று குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. செல்வி அதில் ஒருவர். கட்சிக்காரம்மா காகிதத்தை விற்றுவிட்டார், எங்கேயோ கைநீட்டி வாங்கிக்கொண்டார் என்று பேச்சு கிளம்பியது. அக்கா தெருவில் போகும்போது ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றினார். கட்சியிலும் விசாரித்தார்கள். என்ன நடந்தது, யார் கையில் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். "நான்தான் தொலைச்சேன்" என்றார். இருந்த பொறுப்பிலிருந்து அவரை எடுத்தார்கள். ஆயுளில் கால்வாசியைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளாதவரை, ஒரு ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

மகனின் வேலை உத்தரவு அடுத்த மாதமே வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவன் பயிற்சி முடியட்டும் என்றேன், பிறகு நான் ஓய்வு பெறட்டும் என்றேன். இதையெல்லாம் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை, எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

அக்கா நுரையீரல் கெட்டுப்போய் மூன்று மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், ஆக்சிஜன் குழாயை ஒரு கையால் விலக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏல, வெரிபிகேஷன் முடிஞ்சுட்டா?"

"முடிஞ்சுட்டு அக்கா."

எப்போது முடிந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த மூணு வீட்டுக்காரங்களுக்கும் நான் சொல்ல மாட்டேன்ல. உன் பேரு என் வாயில வராது. நீதான் போய்ச் சொல்லணும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். அதன் பிறகு நாலு நாள்தான் இருந்தார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் செல்வி நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. ஜெபம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"சார், கோர்ட்டுல விசாரணைக்கு இன்னொரு தாரீக் குடுத்துருக்காங்க. அக்கா கடைசியில எங்க பேப்பரப் பத்தி எதாச்சும் சொன்னாங்களா? எந்த பஸ்ஸு, எந்த ஸ்டாப்பு, எதாச்சும்?"

"இல்லம்மா" என்றேன்.

"நான் அவங்கள ரொம்பத் திட்டிட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு அவர் அழுதார். அக்காவின் குழிமண் ஒட்டியிருந்த என் கையை நான் துடைத்துக்கொண்டேன்.

உறவினர்களே, நண்பர்களே, அக்காவின் கடைசி நாட்களில் முறை வைத்துப் பக்கத்தில் இருந்த டிஸ்பென்சரித் தோழிகளுக்கும், இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், அடக்க ஆராதனையை நடத்தித் தந்த போதகர் ஐயாவுக்கும், தங்கள் கொடியை மடித்துப் பெட்டியின்மேல் வைத்த தோழர்களுக்கும், இரண்டும் ஒரே பெட்டியின்மேல் இருக்கட்டும் என்று சிலுவையைச் சற்று நகர்த்தி வைத்த என் மனைவிக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறேன்.

என் மகனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இதை எழுதும்போது அதுவும் ஒரு நிம்மதியாகத்தான் இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். போன வாரம், இந்தக் கட்டுரையை இதுவரை எழுதி முடித்த கையோடு அவனைப் போனில் கூப்பிட்டு வரி வரியாக ஹிந்தியில் சொன்னேன். கேட்டு முடித்ததும் போனை வைத்துவிட்டான். இன்றுவரை கூப்பிடவில்லை. அசலை அழித்தவன் நான் என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்க வக்கீலிடம் நாள் கேட்டிருக்கிறேன். அதனால் மூன்று குடும்பத்துக்கும் வீடு கிடைக்குமா என்று கேட்டேன். தாமதமாகிவிட்டது, நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார்.

செல்வி அம்மா, மலர் அச்சானதும் முதல் பிரதியை உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன், யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அன்று வாசலில் நீங்கள் கேட்டதற்கு நான் இல்லை என்றேன். அக்கா சொன்னார், அம்மா. என்னைப் போய்ச் சொல்லச் சொன்னார். உங்கள் ரேஷன் கார்டு எந்த பஸ்ஸிலும் போகவில்லை. என் வீட்டுக் குளியலறையில், என் கையால் கரைந்தது. அக்காவைத் திட்டிவிட்டோமே என்று நீங்கள் அழ வேண்டாம். நினைவு ஆராதனைக்கு வாருங்கள். இந்த முறை உள்ளே வந்து, எல்லார் முன்னாலும் என்னைத் திட்டுங்கள்.